ஏ-9 வீதியில் மூன்று நாட்கள்: பலகை இல்லாத இடங்களையும் அறிந்து பயணிப்போம்

போயா விடுமுறை வெள்ளியிலோ திங்களிலோ வந்துவிட்டால் ஏ-9 வீதியில் வான்கள் நிறைந்துவிடும். தெற்கிலிருந்து யாழ்ப்பாணம் பார்க்க வருபவர்கள் ஒருபுறம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு வந்து, வாடகை வானில் ஊர் பார்க்கப் போகும் எங்கள் உறவுகள் இன்னொருபுறம். படுக்கையும் அடுப்பும் பொருத்திய கேம்பர் வான்களும் இப்போது வாடகைக்குக் கிடைக்கின்றன. அவர்கள் இறங்கிப் படம் எடுக்கும் இடங்களில் பெரும்பாலும் அரசு வைத்த பலகை இருக்கும். எங்கள் மக்கள் அழுத இடங்கள் பலவற்றில் பலகை இல்லை. அவற்றையும் சேர்த்துப் பார்க்க விரும்புவோருக்கான வழிக்குறிப்பு இது.

வீதியின் கதை

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை சுமார் 320 கிலோமீற்றர் நீளமானது ஏ-9. 1990இல் போர் மீண்டும் வெடித்ததும் ஆனையிறவு வழி அடைபட்டது. கொம்படி, ஊரியான் வழியாகவும், பின்னர் கிளாலிக் கடல்நீரேரியில் படகிலும் மக்கள் உயிரைப் பணயம் வைத்துப் பயணித்தார்கள். போர்நிறுத்தத்தின் பின் 2002 ஏப்ரலில் வீதி திறந்தது. 2006 ஓகஸ்ட் 11 அன்று முகமாலையில் சண்டை தொடங்கியதும் மூடப்பட்டது. குடாநாட்டு மக்களுக்குக் கப்பலும் விமானமும்தான் மிஞ்சின. போர் முடிந்த பின்னரே வீதி படிப்படியாகத் திறக்கப்பட்டது.

முதல் நாள்: வவுனியா – கிளிநொச்சி

வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் வவுனியாவில் ஏ-9 வீதியோரத்திலும், கிளிநொச்சியில் கந்தசாமி கோயில் முன்பாகவும் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்திருந்த பெற்றோர் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். உறவுகளைக் கண்டால் வானை நிறுத்தி இரண்டு வார்த்தை பேசுங்கள்.

அடுத்தது ஓமந்தை. அடையாள அட்டையோடு வரிசையில் நின்ற சோதனைச் சாவடி 2015இல் அகற்றப்பட்டது. 2009இல் இங்கும் வட்டுவாகலிலும் இராணுவத்திடம் கையளித்த தங்கள் உறவுகளைப் பின்னர் காணவில்லை என்று குடும்பங்கள் சாட்சியம் அளித்திருக்கின்றன. இப்போது வாகனங்கள் வேகம் குறைக்காமலே கடந்துபோகின்றன.

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் சாரதிகள் போவதில்லை. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு புறப்படலாம்.

கிளிநொச்சியில், எறிகணை துளைத்த சுவரின் மேல் தாமரை மலர்வதுபோல் அமைத்த அரசின் வெற்றிச் சின்னம் இருக்கிறது. வீடுகளை விட்டு வெளியேறி ஓடிய கிளிநொச்சி மக்களைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இரண்டாம் நாள்: முள்ளிவாய்க்கால் – யாழ்ப்பாணம்

பரந்தனில் ஏ-35 வீதிக்குத் திரும்பினால் முல்லைத்தீவு சுமார் 50 கிலோமீற்றர். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் என்று 2009இல் மக்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போன வழியே இது. முள்ளிவாய்க்காலில் ஒவ்வொரு மே 18 அன்றும் மக்கள் கூடி விளக்கேற்றுகிறார்கள். இது கடற்கரை பார்க்கும் இடமல்ல. சத்தமாகப் பாட்டுப் போடாதீர்கள். உயிர் தப்பி வந்த பெரியவர்கள் வானில் இருந்தால், போக விருப்பமா என்று முதலில் கேளுங்கள். சிலரால் அந்த மண்ணை மிதிக்க முடியாது.

மீண்டும் பரந்தனுக்கு வந்து வடக்கே போனால் ஆனையிறவு. 1991 சண்டையில் இறந்த படைவீரர் காமினி குலரத்னவுக்கு அங்கே நினைவிடம் உண்டு. அச்சண்டையில் புலிகள் பயன்படுத்திய கவச வாகனமும் காட்சிக்கு இருக்கிறது. தெற்கின் வான்கள் தவறாமல் நிற்கும் இடம் இது.

முகமாலைப் பகுதியில் வீதியை விட்டு இறங்காதீர்கள். நாட்டிலேயே மிதிவெடிகள் மிக நெருக்கமாகப் புதைக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று அது. ஒட்டாவா உடன்படிக்கையில் 2017இல் இணைந்த இலங்கை, 2028 ஜூனுக்குள் மிதிவெடிகளை அகற்றி முடிக்கவேண்டும்.

மிருசுவிலில் 2000 டிசெம்பரில் எட்டுப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். மரண தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய்க்கு 2020 மார்ச்சில் ஜனாதிபதி பொதுமன்னிப்பு வழங்கினார்.

சாவகச்சேரி தாண்டினால் நாவற்குழிப் பாலம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையில் நடந்து தென்மராட்சிக்குப் போன பாலம் இது. இன்று வானில் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடலாம்.

பாலத்துக்கு அப்பால் செம்மணி. 1999இல் இங்கே 15 பேரின் எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டன. 2025இல் சித்துப்பாத்தி மயானத்தில் நீதிமன்றக் கட்டளைப்படி நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கண்டெடுக்கப்பட்டன. குழந்தைகளின் எலும்புகளும் அவற்றில் இருந்தன. நல்வரவு வளைவைப் படம் எடுப்பவர்களில் எத்தனை பேர் இதை அறிவார்கள்?

மூன்றாம் நாள்: பூநகரி – மன்னார்

திரும்பும்போது ஏ-32 வீதியைப் பிடியுங்கள். 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் வழியாகப் பூநகரி, வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு கடந்து மன்னாரை அடையலாம். 2008இல் இப்பகுதி மக்கள் கிழக்கே இடம்பெயரத் தொடங்கிய பயணம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. திருக்கேதீச்சரத்திலும் மடு மாதா ஆலயத்திலும் வணங்கி மதவாச்சிக்கு வரலாம்.

வானில் படுப்பவர்களுக்கு

காட்டோரத்தில் வானை நிறுத்த வேண்டாம். வன்னியில் இரவில் யானை வீதிக்கு வரும். கோயில், தேவாலய வளாகத்திலோ தங்குவிடுதி முற்றத்திலோ அனுமதி கேட்டு நிறுத்துங்கள். குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். சாப்பாட்டை வீதியோரப் பெண்களின் சிறுகடைகளில் வாங்குங்கள். போரில் துணையை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் வன்னியில் ஏராளம்.

வானில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த இடங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போங்கள். பலகை இல்லாத இடத்தில், நடந்ததைச் சொல்ல அதை அறிந்தவர்கள்தான் இருக்கிறார்கள்.