பரிவட்டம் கட்டிய குடியரசு

நவீன ஜனநாயகம் ஒன்று பரம்பரை மன்னராட்சியை வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி நம் பத்திரிகைகளில் எப்போதும் லண்டனைப் பற்றிய கேள்வியாகவே வருகிறது. 2022இல் எலிசபெத் இறந்தபோது வந்தது. 2023 மே மாதம் சார்லஸ் முடிசூட்டிக்கொண்டபோது மறுபடியும் வந்தது. நம்ம ஆட்களும் சுவாரஸ்யமாகப் பேசிவிட்டு, 'நமக்கு அந்தத் தொல்லை 1971லேயே தீர்ந்துபோச்சு' என்று முடித்துக்கொண்டார்கள். தீர்ந்துபோச்சா? அந்த வருஷம் தீர்ந்தது எது, தீராமல் இடம் மாறிக்கொண்டது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தியக் குடியரசில் மன்னராட்சி அரண்மனையைக் காலிசெய்துவிட்டுக் கோயிலுக்குள் குடியேறியிருக்கிறது என்பதும், குடியரசே தன் சட்டங்களால் அதை அங்கே பராமரித்துவருகிறது என்பதும்தான் இங்கே முன்வைக்கும் வாதம்.

*

முதலில் 1971. சுமார் 560 சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைத்தபோது மன்னர்களுக்கு இரண்டு வாக்குறுதிகள் தரப்பட்டன. ஒன்று, வருமான வரி இல்லாத மானியம். இன்னொன்று, பட்டமும் கௌரவங்களும் தொடரும் என்ற உறுதி. அரசியல் சட்டத்தின் 291, 362 ஆகிய பிரிவுகளில் இவை ஏறின. குடிமக்களுக்கு அரசு பட்டம் எதுவும் வழங்கக் கூடாது என்று சொல்லும் 18ஆம் பிரிவும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது.

நான் வசிக்கும் நெமிலிச்சேரியிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன் ஆவடி. 1955 ஜனவரியில் அங்கே கூடிய காங்கிரஸ் மாநாடுதான் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற இலட்சியத்தைத் தீர்மானமாக நிறைவேற்றியது. அந்த வருஷமும் மைசூர் மகாராஜாவுக்கு 26 லட்சம் ரூபாய் மானியம் வரியில்லாமல் போய்ச் சேர்ந்தது. சோஷலிசத்துக்கும் மகாராஜாவுக்கும் ஒரே கஜானா.

1970 செப்டம்பரில் மன்னர் மானிய ஒழிப்பு மசோதா மக்களவையில் தேறி மாநிலங்களவையில் தோற்றது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு ஓட்டில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மறுநாளே ஜனாதிபதி உத்தரவு மூலம் மன்னர்களின் அங்கீகாரம் ரத்தாயிற்று. அந்த உத்தரவு செல்லாது என்று டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1971 தேர்தலில் பெரும்பான்மையோடு திரும்பிய இந்திரா காந்தி அரசு, டிசம்பரில் 26ஆவது திருத்தத்தின் வழியாகக் காரியத்தை முடித்தது.

முடிந்த காரியம் என்ன? அரசு இனி யாரையும் 'மன்னர்' என்று அங்கீகரிக்காது, யாருக்கும் மானியம் தராது. அவ்வளவுதான். பிறப்பினால் ஒருவன் முதல்வனாக நிற்கலாம் என்ற கருத்தை அந்தத் திருத்தம் தொடவில்லை. பணம் போயிற்று, வரிசையில் முதல் இடம் போகவில்லை.

*

அந்த முதல் இடம் எங்கே பத்திரமாக இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள, மன்னனும் கோயிலும் பின்னிக்கொண்ட விதத்தைப் பார்க்க வேண்டும். புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் தங்களைப் 'பிரகதாம்பாள் தாஸ்' என்று சொல்லிக்கொண்டார்கள். திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா 1750இல் தன் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்து, 'பத்மநாப தாசன்' என்ற பெயரில் ஆண்டார். தாசன், அதாவது அடிமை. பணிவான சொல்லாகத்தான் படுகிறது. ஆனால் நாடு சாமியுடையது என்றாகிவிட்டால் ஆள்பவன் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்? சாமிக்கு. குடிமக்களுக்கு அல்ல. இந்தத் தாசத்தனம் ஒரு முழுமையான அதிகாரச் சொல்லாடல்.

காலனி ஆட்சி மன்னர்களிடமிருந்து படையை எடுத்துக்கொண்டு விழாவை விட்டுவைத்தது. புதுக்கோட்டையை ஆராய்ந்த நிக்கலஸ் டர்க்ஸ் தன் நூலுக்கு 'உள்ளீடற்ற கிரீடம்' என்று பொருள்படத் தலைப்பு வைத்தது இதனால்தான். ஆனால் விழா என்பது வெறும் வேடிக்கையா? யார் முதலில், யார் பிறகு, யார் வாசலுக்கு வெளியே என்பதை ஊர் அறியச் சொல்வதே விழாவின் வேலை. உள்ளீடு போன கிரீடத்துக்கு இந்த ஒரு வேலை மிச்சமிருந்தது. அதையும் அது நன்றாகவே செய்தது.

கமுதியைப் பாருங்கள். 1803லேயே ராமநாதபுரம் சேதுபதிகளின் அரசு ஜமீனாகச் சுருங்கிவிட்டது. 1897இல் நாடார்கள் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அவர்கள்மீது வழக்குப் போட்டவர் பாஸ்கர சேதுபதி, நான்கு வருஷத்துக்கு முன்பு விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்ப உதவிய அதே சேதுபதி. எந்தத் தகுதியில் போட்டார்? அரசர் என்ற தகுதியிலா? இல்லை, கோயிலின் பரம்பரை அறங்காவலர் என்ற தகுதியில். வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு நுழையும் உரிமை இல்லை என்று முடிந்தது. ராஜ்யம் இல்லாத ராஜா, அறங்காவலர் என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு சமூகத்தையே வாசலில் நிறுத்த முடிந்தது.

*

அந்தச் சொல் இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1948இல் ஜமீன்களை ஒழிக்கச் சட்டம் போட்ட சென்னை மாகாணம், 1959இன் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் 'பரம்பரை அறங்காவலர்' என்பதற்கு வரையறை தந்து உட்காரவைத்தது. ஜமீன் போன இடத்திலும் அறங்காவல் நின்றது.

தஞ்சாவூரை எடுத்துக்கொள்வோம். போன்ஸ்லே வம்சத்தின் நிலப்பரப்பு 1799 ஒப்பந்தத்தில் கும்பெனிக்குப் போயிற்று. 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் இரண்டாம் சிவாஜி இறந்ததும் பட்டமும் போயிற்று. ஆனால் அரண்மனை தேவஸ்தானம் என்ற பெயரில் பெரிய கோயில் உட்பட 88 கோயில்களுக்கு அந்தக் குடும்பத்தின் மூத்தவரே பரம்பரை அறங்காவலர். 'கோயிலைக் கட்டியவர் குடும்பத்துக்கு உரிமை இருக்காதா?' என்று கேட்பார்கள். பெரிய கோயில் 1010இல் ராஜராஜன் கட்டியது. போன்ஸ்லேக்கள் தஞ்சைக்கு வந்தது 1670களில். கட்டியதால் வந்த உரிமை அல்ல இது, ஆண்டதால் வந்தது. ஆள்வது நின்று ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் ஆண்டதன் மிச்சம் சட்டப்படி செல்லுபடியாகிறது.

இதில் ஒரு வினோதம் உண்டு. 26ஆவது திருத்தம் வந்த அதே 1971இல் தமிழ்நாடு இன்னொரு பரம்பரையை ஒழித்தது. அர்ச்சகர் மகன் அர்ச்சகர் என்ற வாரிசுரிமையைத் தி.மு.க. அரசின் சட்டத் திருத்தம் நீக்கியது. 1972 மார்ச்சில் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆகமக் கட்டுப்பாட்டை விட்டுவைத்தாலும், வாரிசுரிமை நீக்கம் செல்லும் என்றது. அர்ச்சகர் நியமனம் மதச்சடங்கு அல்ல, உலகியல் காரியம் என்பது அதற்குச் சொன்ன நியாயம். கருவறைக்குள் நின்று பூசை செய்பவரின் நியமனமே உலகியல் காரியம் என்றால், கணக்கும் சாவியும் வைத்திருப்பவரின் பதவி எந்த விதத்தில் புனிதம்? அர்ச்சகரின் பரம்பரையைத் தொட்ட கை ராஜாவின் பரம்பரையைத் தொடாமல் நின்றுவிட்டது. ஆந்திரம் 1987இல் இரண்டையும் சேர்த்தே ஒழித்தது. பார்ப்பன எதிர்ப்பில் நாம் காட்டிய கூர்மை மன்னர் எதிர்ப்பில் இல்லாமல் போனது ஏன் என்பதை நம் இயக்கங்கள் யோசிக்க வேண்டும். மூவேந்தர் பெருமையை மேடைக்கு மேடை பேசிய மொழிக்கு, ராஜா எதிரியாகத் தெரியவில்லை என்பதுதான் எனக்குத் தோன்றும் காரணம்.

2020 ஜூலை 13 அன்று பத்மநாபசுவாமி கோயில் வழக்கில் வந்த தீர்ப்பு இந்த இடமாற்றத்தை முழுமையாக்கியது. திருவிதாங்கூரின் கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் 1991இல் இறந்தார். அதன்பின் குடும்பத்துக்கு உரிமையில்லை, அரசு பொறுப்பேற்கட்டும் என்று 2011இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, கோயில் மீதான உரிமை வழக்கப்படி குடும்பத்தில் தொடரும் என்றது. நிர்வாகக் குழுவுக்கு மாவட்ட நீதிபதியைத் தலைவராக்கியது உண்மை. ஆனாலும், 26ஆவது திருத்தம் பறித்த 'மன்னர்' என்ற சொல் கோயில் வாசல் வழியாகத் திரும்ப வந்துவிட்டது.

*

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. 'ராஜா போனால் மந்திரியோட ஆள்தானே வந்து உட்காருவான்? உண்டியலை ராஜா தொடலை, இவன் தொடுவான்' என்று டீக்கடையில் சொல்லும் வாதம் லேசானது அல்ல. திருவனந்தபுரத்தில் நிலவறைச் செல்வம் தலைமுறைகளைத் தாண்டி இருந்ததும் மெய்தான். மேலே போய், 1936 நவம்பர் 12இல் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்தவர் அதே சித்திரைத் திருநாள்தானே என்பார்கள்.

ஆம், அவர்தான். ஆனால் அந்தப் பிரகடனத்துக்கு முன்னால் 1924-25இல் வைக்கம் இருக்கிறது, 1926இல் சுசீந்திரம் இருக்கிறது. அடிபட்டு, சிறைப்பட்டு மக்கள் கேட்டது உரிமை. அரண்மனை கொடுத்தது கருணை. உரிமையைக் கருணையாக மாற்றித் தருவதில்தான் மன்னராட்சியின் சாமர்த்தியம் இருக்கிறது. கொடுத்தவர் பெயர் நிற்கும், கேட்டவர்கள் பெயர் மறையும்.

மன்னரை அடையாளமாக மட்டும் வைத்துக்கொண்டால் கெடுதல் இல்லை என்பது இன்னொரு வாதம். மலேசியத் தமிழர்களுக்கு இது ஏட்டு விவாதம் அல்ல. அங்கே ஒன்பது மாநில மன்னர்கள் ஐந்தாண்டு முறைவைத்துப் பேரரசராகிறார்கள். அரசியல் சட்டத்தின் 153ஆம் பிரிவு மலாய்க்காரர்களின் தனிச் சலுகைகளைக் காக்கும் பொறுப்பைப் பேரரசரிடம் தருகிறது. பிறப்பால் வந்த அரசன் பிறப்பால் வந்த சலுகைக்குக் காவல். நேபாளத்தில் விஷ்ணுவின் அவதாரமாக இருந்த மன்னரை 2008 மே 28இல் அரசியல் நிர்ணய சபை 560க்கு 4 என்ற வாக்கில் வீட்டுக்கு அனுப்பியது. அடையாளம்தானே என்று அவர்கள் விட்டுவைக்கவில்லை.

நம் ஊரில் அடையாளம் என்ன செய்யும் என்பதற்குக் கண்டதேவி இருக்கிறது. சிவகங்கை சமஸ்தான தேவஸ்தானத்தைச் சேர்ந்த கோயில். தேரோட்டத்தில் நான்கு நாட்டார்களுக்கு மரியாதை. வடம் பிடிக்கும் உரிமையைத் தலித்துகள் கேட்டபோது 1998இலிருந்து தகராறு. பிறகு பல ஆண்டுகள் தேர் ஓடவே இல்லை. நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2024 ஜூனில்தான் போலீஸ் பாதுகாப்போடு நகர்ந்தது. சேர்ந்து இழுப்பதைவிட ஓடாமல் நிற்பது மேல் என்று ஒரு தேர் நின்றதே, அந்த மனநிலைதான் முதல் மரியாதை. சாதிகளின் அடுக்கு தலையில்லாமல் நிற்காது. பரிவட்டம் கட்டிய ஒரு தலை மேலே இருந்தால்தான் அதற்குக் கீழே மற்றவர்களை வரிசையாக அடுக்க முடியும்.

சரி, மந்திரியின் ஆள் வேண்டாம் என்றால் யார்? 1925இலேயே பஞ்சாப் ஒரு விடை சொன்னது. பரம்பரை மகந்துகளிடமிருந்து அகாலிகள் ரத்தம் சிந்தி மீட்ட குருத்வாராக்களை அந்த வருஷச் சட்டம் சர்க்காரிடம் தரவில்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவிடம் தந்தது. பெண்களுக்கும் அதில் வாக்கு இருந்தது. அந்த ஏற்பாட்டிலும் கட்சிப் பிடிப்பு, தள்ளிப்போகும் தேர்தல் என்று குறைகள் உண்டு. ஆனால் ராஜாவா மந்திரியா என்று இரண்டே கதவுகளைக் காட்டுபவர்களுக்கு மூன்றாவது கதவு ஒன்று நூறு வருஷமாகத் திறந்திருப்பதைக் காட்ட அது போதும்.

ஆகவே நம் கோரிக்கை லண்டனைப் பற்றியது அல்ல. 1959ஆம் வருஷச் சட்டத்திலிருந்து 'பரம்பரை அறங்காவலர்' என்ற சொல்லை எடுக்க வேண்டும். சமஸ்தானக் கோயில்கள் உட்பட எல்லாவற்றிலும், அந்தந்த ஊரின் எல்லாச் சாதியினரும் பெண்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழுக்கள் வர வேண்டும். முதல் மரியாதை எவருக்கும் இல்லை என்று சட்டம் சொல்ல வேண்டும். பஞ்சாயத்துத் தலைவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஊருக்கு, தன் கோயில் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யவும் தெரியும்.