தண்ணி தாறவரும் ஆள் கூப்பிடுறவரும்

நாலு பேர் சேர்ந்தாச்சு. முன்னுக்கு நிண்டு அடி வாங்க ஒரு டேங்க், காயம் மாத்த ஒரு ஹீலர், அடிக்க ரெண்டு பேர். ஐந்தாவது இடத்துக்கு ஒரு மேஜும் ஒரு வோர்லொக்கும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டு நிக்கினம். யாரை எடுப்பியள்?

வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் விளையாடின ஆக்களிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் ஒரு எண்தான் பதிலாக வரும். ஒரு செக்கனுக்கு யார் எவ்வளவு அடிக்கிறார் என்ற எண். அதுக்கான அட்டவணைகள் இணையத்தில் குவிஞ்சு கிடக்கு, ஒவ்வொரு பட்ச் வரும்போதும் அவை மாறும். அதைப் பற்றி நான் எழுதப் போறதில்லை. எனக்குப் பிடிபடாமல் இருந்தது வேற ஒண்டு. ரெண்டு பேரும் துணி உடுப்புப் போட்டவை, ரெண்டு பேரும் தூர நிண்டு மந்திரம் விடுறவை. பிறகு ஏன் ஒரு காலத்தில் ஒருவரின் இடத்தை மற்றவரால் நிரப்பவே முடியாமல் இருந்தது? இப்ப ஏன் அப்பிடி இல்லை? இந்த விசயத்தில் பட்ச் குறிப்புகள்தான் எங்களுக்குக் கல்வெட்டு. அவற்றை வரிசையாக வாசிச்சுக்கொண்டு போனால் ஒரு சின்ன சமூக வரலாறே கிடைக்குது.

இந்தச் சோடி அந்த ஒன்லைன் கேமை விடப் பழசு. 1994இல் பிளிசார்ட் வெளியிட்ட முதலாவது வோர்கிராஃப்ட் ஒரு போர் வியூக விளையாட்டு. அதில் மனிதர் பக்கம் கொஞ்சுரர், ஓர்க் பக்கம் வோர்லொக். ஒருவர் தேளையும் நீர்ப்பூதத்தையும் வரவழைப்பார், மற்றவர் சிலந்தியையும் பேயையும் வரவழைப்பார். சும்மா கண்ணாடியில் தெரியிற மாதிரி ஒரு எதிரொலிப்புத்தான். அடுத்த வருசம் வந்த இரண்டாவது வோர்கிராஃப்டில் மேஜ் என்ற பெயர் வருது. எதிரியைச் சாதுவான ஒரு ஆடாக மாத்துகிற மந்திரமும் அங்கேயே வருது. இந்த ஆட்டை மறக்கவேண்டாம், திரும்ப வரும்.

2004 நவம்பர் 23இல் வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் தொடங்கின போது ஒன்பது கிளாஸ்கள் இருந்தன. அதைச் செய்தவர்களில் ரொப் பார்டோ, ஜெஃப் கப்லன் போன்றவர்கள் எவர்குவெஸ்ட் என்ற 1999ஆம் ஆண்டு விளையாட்டில் ஊறினவர்கள். எவர்குவெஸ்டில் என்சான்ரர் என்று ஒரு கிளாஸ் இருந்தது. எதிரிகளை மயக்கி நிப்பாட்டி வைக்கிறதும், மற்றவர்களின் மானா கெதியாக நிரம்பச் செய்யிறதும் அதின்ர வேலை. அது இல்லாமல் குழு கிளம்பவே மாட்டாது. என்ர வாசிப்பில், அந்த ஒரு கிளாஸின் வேலையைப் பிளிசார்ட் உடைச்சுப் பல பேருக்குப் பங்கு போட்டது. அதில் ஒரு பெரிய பங்கு மேஜுக்கு வந்தது.

அந்தப் பங்கு எப்பிடி இருந்தது எண்டு பாப்பம். முதலாவது, தண்ணி. ஹீலரின் மானா முடிஞ்சால் குந்தி இருந்து தண்ணி குடிக்கவேணும். கடையில் வாங்கினால் காசு. மேஜ் சும்மா மந்திரத்தில் வரவழைச்சுத் தருவார், பாணும் தருவார். குழுவில் மேஜ் சேர்ந்தவுடன் முதல் கேட்கிற கேள்வி "தண்ணி இருக்கா?" எண்டுதான். வணக்கம் கூட அதுக்குப் பிறகுதான். மேஜ் விளையாடினவை இதைப் பற்றி இன்னும் புறுபுறுப்பினம், எங்களை ஒரு தானியங்கி மெஷினாக நினைச்சவை எண்டு. இரண்டாவது, ஆடு. ஐந்து பேர் போற டன்ஜனில் எதிரிகள் மூண்டு நாலாகச் சேர்ந்து நிற்கும். எல்லாத்தையும் ஒரே நேரத்தில் டேங்க் தாங்கமாட்டார். மேஜ் அதில் ஒன்றை ஆடாக்கி விடுவார். கூடினது 50 செக்கன். அதுவரைக்கும் அது அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டிருக்கும். யாரும் கை வைச்சால் உடனே பழையபடி எதிரியாகிவிடும், காயமும் ஆறியிருக்கும். ஆக, ஆட்டைத் தொடாமல் இருக்கிறது எண்டதே மற்ற நாலு பேரும் படிக்கவேண்டிய ஒரு ஒழுக்கமாச்சு. ஸ்கார்லெட் மொனஸ்ரறி போல பெரும்பாலும் மனிதர்கள் நிற்கிற டன்ஜனில் மேஜ் ராசா. ஆனால் ஸ்கொலோமான்ஸ் போல செத்து எழும்பினதுகள் நிறைஞ்ச இடத்தில் அந்த மந்திரம் வேலை செய்யாது.

வோர்லொக் அதுக்கு நேரெதிர். அவரால் மனித உருக்களை அடக்க முடியும்தான், ஆனால் அதுக்கு மயக்குகிற பேயைக் கூட்டிக்கொண்டு திரியவேணும். அவரிடம் இருந்த மற்ற ஆயுதம் பயமுறுத்தல். வெளியில் தனியாக விளையாடும்போது அருமையான மந்திரம். டன்ஜனுக்குள்ளே அது ஒரு விபத்து. பயந்து ஓடுற எதிரி நேரே அடுத்த அறைக்குள் போய் அங்கே நிற்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு வரும். நாலுக்குப் பதில் பத்து. அந்தக் காலத்துக் குழுக்கள் செத்த கதைகளில் பாதியில் ஒரு வோர்லொக்கின் பயமுறுத்தல் இருக்கும். பேய்களையும் பூதங்களையும் ஒதுக்கி வைக்கிற பனிஷ் என்ற மந்திரம் மட்டும் வேறு ஆளிடம் இல்லை. மோல்டன் கோர் என்ற 40 பேர் போற இடத்தில் கார் என்ற தலைவனைச் சுற்றி எட்டுத் தீப்பூதங்கள் நிற்கும். அங்கே வரிசையாக வோர்லொக்குகள் நிண்டு ஆளுக்கொண்டைப் பூட்டி வைப்பினம். அதே இடத்தில் லூசிஃப்ரோன், கெஹெனாஸ் போடுற சாபங்களை நீக்க மேஜ்கள் ஓடித் திரிவினம். அடிக்கிறது ரெண்டு பேருக்கும் இரண்டாவது வேலையாகத்தான் இருந்தது.

மானா விசயத்தில் இருக்கிற வித்தியாசம் இன்னும் வடிவானது. வோர்லொக்குக்குத் தண்ணி அவ்வளவு தேவையில்லை. தன்ர உயிரைக் குறைச்சு மானாவாக மாத்திக்கொள்ளுவார். ஆனால் குறைஞ்ச உயிரை ஆர் நிரப்புறது? ஹீலர். அதாவது மேஜ் ஹீலருக்கு மானா குடுக்கிறார், வோர்லொக் ஹீலரிடம் இருந்து மானா எடுக்கிறார். கணக்கு இதோடு முடிஞ்சிருந்தால் ஒருத்தரும் வோர்லொக்கை எடுத்திருக்கமாட்டினம்.

முடியவில்லை, ஏனெண்டால் அவரிடம் சோல் ஷார்ட் இருந்தது. எதிரி சாகிற நேரம் பார்த்து ஒரு மந்திரம் ஓடிக்கொண்டிருக்கவேணும், அப்பதான் ஒரு ஆத்மத்துண்டு கிடைக்கும். ஒவ்வொன்றும் பையில் ஒரு இடத்தைப் பிடிக்கும், ஒன்றின் மேல் ஒன்று அடுக்க ஏலாது. அதைச் செலவழிச்சுத்தான் மற்றவர்களுக்கு உயிர் கூட்டுகிற கல்லைக் குடுப்பார். அதைச் செலவழிச்சுத்தான் ஹீலரின் மேல் சோல்ஸ்ரோன் போடுவார். முழுக் குழுவும் செத்தாலும் ஹீலர் எழும்பி மற்றவர்களை எழுப்பலாம், இடுகாட்டில் இருந்து நடந்து வரத் தேவையில்லை. அதைச் செலவழிச்சுத்தான் உலகத்தின் மற்றப் பக்கத்தில் நிற்கிற ஆளைக் கூப்பிடுவார். அதுக்கும் அவர் தனியக் காணாது. இன்னும் ரெண்டு பேர் அந்த வாசலில் கை வைக்கவேணும். அந்தக் காலத்தில் ஒரு டன்ஜன் வாசலுக்குப் போக 20 நிமிசம் பிடிக்கிறது சாதாரணம். மூண்டு பேர் போய்ச் சேர்ந்தால் காணும், மிச்சம் ரெண்டு பேரையும் வோர்லொக் இழுத்துவிடுவார். இவ்வளவுக்கும் அவர் முதல் நாள் பின்னேரம் தனியப் போய் ஆத்மத்துண்டு சேர்த்திருக்கவேணும். அதை ஒருவரும் பாக்கிறதில்லை.

பெரிய குழுவுக்குள் போனால் இன்னொரு அநியாயம். ஒரு எதிரியின் மேல் ஒட்டி நிற்கக்கூடிய கெடுதல் மந்திரங்களுக்கு அளவு இருந்தது, தொடக்கத்தில் 8, பிறகு 16. வோர்லொக்கின் பலமே மெதுவாக அரிக்கிற மந்திரங்கள்தான். 40 பேருக்குள் அதுக்கு இடம் இல்லை. "கொரப்ஷன் போடாதை, இடம் போகுது" எண்டு சொல்லிவிடுவினம். அவருக்கு ஒதுக்கின இடத்தில் அவர் போடவேண்டியது நெருப்பும் பனியும் கூட அடிக்கச் செய்கிற சாபம். அது யாருக்கு உதவி? மேஜுக்கு. அந்த மேஜ்களும் தீ மந்திரம் பலிக்காத மோல்டன் கோருக்குள் பனியைத்தான் எறிஞ்சுகொண்டு நிண்டவை. ஆளாளுக்கு ஒரு குறை.

2007 ஜனவரியில் பேர்னிங் குருசேட் வந்தது. இந்தக் காலத்தைப் பற்றிப் பேசுறவை பொதுவாக வோர்லொக்கின் அடியைப் பற்றித்தான் பேசுவினம், சீட் ஒஃப் கொரப்ஷனால் ஒரு கூட்டத்தையே வெடிக்க வைக்கலாம் எண்டு. டன்ஜன்களில் கதை வேற. ஷாட்டர்ட் ஹோல்ஸ் மாதிரியான இடங்களில் ஐந்து, ஆறு ஓர்க்குகள் ஒன்றாக வரும். ஆடாக்க ஆள் இல்லாமல் ஹீரோயிக் நிலையில் போறது தற்கொலை. மேஜ்தான் திரும்பவும் முதல் தெரிவு. இதுக்குள்ள ஒரு சின்னச் சுவாரசியம் இருக்கு. குரூலின் குகையில் குரோஷ் ஃபயர்ஹாண்ட் என்ற மந்திரவாதியை டேங்க் பண்ணினது ஒரு மேஜ், அவனுடைய கவசத்தைத் திருடித் தானே போட்டுக்கொண்டு. அதுக்கு ஒரு வருசம் முதல் ஆன்கிராஜ் கோயிலில் வெக்லோர் என்ற பேரரசனை டேங்க் பண்ணினது வோர்லொக். துணி உடுத்த ரெண்டு பேரும் ஒவ்வொரு தரம் முன்வரிசையில் நிண்டிருக்கினம்.

அதே விரிவாக்கத்தோடு சத்தமில்லாமல் ஒன்று நடந்தது. டன்ஜன் வாசல்களில் சும்மா கிடந்த சந்திப்புக் கற்களால் ரெண்டு பேர் சேர்ந்து மூன்றாவது ஆளைக் கூப்பிடலாம் எண்டு மாத்திவிட்டினம். நல்ல விசயம்தானே, எல்லாருக்கும் வசதி. ஆனால் வோர்லொக்கின் கையில் இருந்த ஒன்று கல்லின் கைக்குப் போனது அண்டைக்குத்தான். இரண்டாவது அடி 2009 டிசம்பரில், ராத் ஒஃப் த லிச் கிங் காலத்தில் 3.3 பட்சோடு வந்த டன்ஜன் ஃபைண்டர். ஒரு பட்டனை அமத்தினால் வேற வேற சேர்வர்களில் இருந்து முகந்தெரியாத ஐந்து பேரை எடுத்து நேரே டன்ஜனுக்குள் போடும். முடிஞ்சதும் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விடும். கூப்பிட ஆள் தேவையில்லை, நடக்கத் தேவையில்லை. அந்தக் காலத்து டன்ஜன்களும் இலகு. எல்லாத்தையும் ஒரே இடத்தில் குவிச்சு எரிச்சுவிடுறதுதான் முறை. ஆடு மேய்க்க நேரம் எங்கே? யாரும் நிண்டு தண்ணி குடிக்கிறதும் குறைஞ்சது. 'ஹலோ' கூடச் சொல்லாமல் இருபது நிமிசத்தில் ஒரு டன்ஜன் முடியும்.

2010இன் கடைசியில் கற்றகிளிசத்தோடு பிளிசார்ட் கொஞ்சம் பின்வாங்கிப் பார்த்தது. ஹீரோயிக் டன்ஜன்கள் கடினமாச்சு, ஆடு திரும்ப வந்தது. சனம் கத்தின கத்தலுக்கு வடிவமைப்பாளர் கிரெக் ஸ்ட்றீட் 2011 ஜனவரியில் நீளமாக ஒரு பதிவு எழுதி, இது இப்பிடித்தான் இருக்கவேணும் எண்டு வாதாட வேண்டி வந்தது. பிறகு மெல்ல மெல்ல இலகுவாக்கினவை. எனக்கு அந்தப் பதிவை விட முக்கியமாகத் தெரியிறது அந்த ஒக்டோபரில் வந்த 4.0.1 பட்ச். அதில்தான் ஆத்மத்துண்டு பையை விட்டுப் போய்த் திரையில் மூண்டு சின்னமாக மாறினது. அதே விரிவாக்கத்தில், அதுவரை ஷாமன் மட்டும் வைச்சிருந்த முழுக் குழுவையும் வேகப்படுத்துற மந்திரம் மேஜுக்கும் கிடைச்சது. ஆர் வந்தாலும் குழு ஓடவேணும் என்ற கொள்கை. நியாயமான கொள்கைதான், "மேஜ் இல்லை, போகேலாது" எண்டு ரெண்டு மணித்தியாலம் குந்தி இருந்தவர்களுக்கு அதின்ர அருமை தெரியும். ஆனால் அதுக்குப் பிறகு மேஜையும் வோர்லொக்கையும் ஒப்பிட எண்களைத் தவிரப் பெரிசாக ஒண்டும் மிஞ்சவில்லை.

நான் விளையாடத் தொடங்கினது 2019 ஓகஸ்டில் கிளாசிக் வந்த பிறகுதான். பழைய விதிகள், பழைய பை, பேசாத கல். எங்கட இணைப்பில் மந்திரம் போட்டு அரைச் செக்கன் கழிச்சுத்தான் எதிரிக்கே தெரியும். அதால அரிக்கிற மந்திரங்கள் வசதி எண்டு வோர்லொக் எடுத்தன். பதினைஞ்சு வருசத்துக்கு முந்தின அந்த உலகத்தைத் திரும்பத் திறந்தால் அந்தப் பழக்கங்களும் திரும்பும் எண்டு நினைச்சன். திரும்பினது வேறொண்டு. மேஜ்கள் ஸுல்ஃபராக் போன்ற டன்ஜன்களில் முழு எதிரிக் கூட்டத்தையும் தனிய இழுத்து, பனிப்புயலுக்குள் உறைய வைச்சுக் கொண்டுபோட்டினம். மற்ற நாலு பேரும் வாசலில் சும்மா நிண்டு லெவல் ஏறுவினம், ஒவ்வொரு சுற்றுக்கும் தங்கம் குடுத்து. குழு டன்ஜன், ஆனால் குழு இல்லை. வோர்லொக்குகள் முக்கியமான இடங்களில் போய் நிண்டு, வாசலில் கை வைக்கத் தங்கட ரெண்டாவது, மூன்றாவது கணக்குகளையே நிறுத்தி, ஆள் கூப்பிடுறதை விலைக்கு வித்தினம். அந்த மூன்று பேரும் ஒரே ஆள்.

இதைப் பார்த்து "முந்தின ஆக்கள் நல்லவை" எண்டு சொல்லுறது சுகம். முந்தியும் போர்ட்டல் போட்டுக் காசு வாங்கின மேஜ்கள் இருந்தவைதான். வித்தியாசம், 2005இல் அந்த வேலைக்கு என்ன பெறுமதி எண்டு ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. 2019இல் எல்லாருக்கும் தெரியும், பதினைஞ்சு வருசக் கணக்கு முன்னுக்கு இருக்கு.

ஒரு இரவு பிளாக்றொக் டெப்த்ஸுக்குள், லாவா ஆறு தாண்டி நல்ல உள்ளுக்கு, என்ர பயமுறுத்தலாலேயே ஐந்து பேரும் செத்தம். சட் பெட்டியில் ஒருவரும் ஒண்டும் எழுதவில்லை. நான் ஒரு மணித்தியாலத்துக்கு முதல் சேர்த்து வைச்ச துண்டில் போட்ட சோல்ஸ்ரோன் ஹீலரின் மேல் இருந்தது. அவர் எழும்பினார். எங்களை ஒவ்வொருவராக எழுப்பினார். பிறகு குந்தி, கடையில் வாங்கின தண்ணியைக் குடிச்சுக்கொண்டு, "அடுத்த முறை மேஜ் எடுப்பம்" எண்டு எழுதினார்.

ஐந்தாவது இடத்துக்கு நான் இப்பவும் வோர்லொக்கைத்தான் எடுப்பன். தண்ணியை மட்டும் வாறபோதே வாங்கிக்கொண்டு வாங்கோ.