கோடை விடுமுறையில் வாசிப்புத் துணை

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் குழந்தைக்குப் பள்ளி இயங்காத கோடை வாரங்களில் வீட்டிலும் நூலகத்திலும் ஊர் மையங்களிலும் அளிக்கும் உதவியே கோடை வாசிப்புத் துணை. தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்கும் விடுமுறை ஜூன் தொடக்கம் வரை நீள்கிறது. தேர்வும் மதிப்பெண்ணும் வகுப்புத் தோழர்களின் சிரிப்பும் இல்லாத அந்த வாரங்கள், பின்தங்கிய குழந்தைக்குக் கிடைக்கும் அரிய வாய்ப்பு. அது பயன்பட மூன்று வேண்டும்: குழந்தை இப்போது நிற்கும் படியை அறிதல், அந்தப் படிக்கு ஏற்ற புத்தகம், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் ஒருவர். மூன்றில் மூன்றாவதே பெரிது.

ஆய்வுப் பின்னணி

விடுமுறையில் கற்றல் தேய்வதைப் பற்றிய ஆய்வுகள் அமெரிக்காவில் மிகுதி. ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1996-இல் முந்தைய 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். கோடைக்குப் பின் மாணவர்கள் ஏறத்தாழ ஒரு மாதப் படிப்பளவு பின்னடைந்திருந்தனர். வாசிப்பில் மட்டும் வருமானம் வேறுபாட்டைக் காட்டியது: ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பின்தங்கினர், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் அப்படிப் பின்தங்கவில்லை. பால்டிமோர் நகரக் குழந்தைகளை 1982 முதல் பின்தொடர்ந்த டோரிஸ் என்ட்விசிலும் கார்ல் அலெக்சாண்டரும் இதற்குக் குழாயை உவமை சொன்னார்கள். பள்ளி நடக்கும்போது கல்விக் குழாய் எல்லோருக்கும் திறந்திருக்கும். கோடையில் அது மூடியதும், வீட்டில் புத்தகமும் பேச்சும் உள்ள குழந்தைக்கு மட்டுமே கற்றல் தொடரும். இழப்பின் அளவு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

இழப்பைத் தடுக்கும் வழிகளும் சோதிக்கப்பட்டுள்ளன. புளோரிடாவில் ரிச்சர்ட் ஆலிங்டனும் ஆன் மெக்கில்-ஃபிரான்சனும், ஏழைக் குழந்தைகள் தாமே தேர்ந்தெடுத்த 12 புத்தகங்களை ஒவ்வொரு கோடையிலும் கொடுத்தனர். மூன்று கோடைகளுக்குப் பின் அவர்களின் வாசிப்பு மேம்பட்டிருந்தது. ஜேம்ஸ் கிம், தாமஸ் ஒயிட் ஆகியோரின் 2008-ஆம் ஆண்டு ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. புத்தகத்தை மட்டும் பெற்ற குழந்தைகளிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. வாய்விட்டு வாசிக்கவும் பொருளை உணரவும் வழிகாட்டப்பட்டுப் புத்தகம் பெற்றவர்களே முன்னேறினர்.

தமிழில் தடுமாறும் இடங்கள்

தமிழ் எழுத்துகள் 247 என்றாலும், 12 உயிரும் 18 மெய்யும் அவை சேரும் முறையும் பிடிபட்டால் மற்றவை வந்துவிடும். அந்தச் சேர்க்கையில்தான் சிக்கல். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு முன்னால் நிற்கின்றன; ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொடி’ என்பதில் கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிந்து நிற்பதால், பயிற்சி போதாத குழந்தை அதைக் ‘கெ’ என்று தொடங்கி, காலைப் பார்த்ததும் திகைத்து நின்றுவிடும். கு, சு, டு, து, மு என உகர வரிசையில் குறியின் வடிவம் ஒரே மாதிரி இல்லை. தமிழக அரசு 1978-இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை போன்றவற்றைச் சீராக்கியது. உகர, ஊகார வரிசைகளை அது தொடவில்லை.

ஒரே எழுத்துக்கு இடத்துக்கு இடம் ஒலி மாறுவது அடுத்த சிக்கல். ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. குறிலை நெடிலாகவும், லகர ளகர ழகரங்களை ஒன்றாகவும் படிப்பது பரவலான பிழை. இவற்றுக்கு மேல், வீட்டில் ‘போனாங்க’ என்று கேட்டு வளர்ந்த குழந்தை புத்தகத்தில் ‘சென்றார்கள்’ என்பதைச் சந்திக்கிறது. எழுத்தெல்லாம் தெரிந்தும் அது திக்குவதற்கு, அந்த நடை காதில் விழுந்து பழகாததும் ஒரு காரணம். பெரியவர்கள் கதைப் புத்தகத்தை உரக்க வாசித்துக் காட்டுவது இந்த இடைவெளியைக் குறைக்கும்.

நிலையறிதல்

மூன்றாம் வகுப்பு முடித்த குழந்தைக்கு மூன்றாம் வகுப்புப் பாடநூலையே மறுபடி கொடுப்பது வழக்கமாக நடக்கும் தவறு. பிரதம் எனும் கல்வி அமைப்பின் முன்னெடுப்பில் 2005 முதல் நடந்துவரும் அசர் கற்றல்நிலைக் கணக்கெடுப்பின் வாசிப்புக் கருவி வீட்டுக்கும் பொருந்தும். அதில் நான்கு படிகள்: எழுத்து, சொல், முதல் வகுப்பு நிலைப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலைக் கதை. முதலில் பத்தியைக் கொடுக்க வேண்டும். தடையின்றிப் படித்தால் கதைக்கு ஏற வேண்டும். தடுமாறினால் சொல்லுக்கும், அதிலும் தடுமாறினால் எழுத்துக்கும் இறங்க வேண்டும். ஐந்து சொற்களில் நான்கைச் சரியாகப் படித்தால் சொல்படி கைவந்துவிட்டது எனக் கொள்ளலாம். குழந்தை நிற்கும் படியே பயிற்சி தொடங்கும் படி. அதன் வயதும் வகுப்பும் இங்கே கணக்கில்லை.

நாள்தோறும் வாசிப்பு

வாரத்துக்கு ஒருநாள் இரண்டு மணி நேரம் என்பதைவிட, தினமும் 15 அல்லது 20 நிமிடம் என்பதே பலன் தரும். வெயில் ஏறுமுன் காலையிலோ இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகோ மாறாத ஒரு நேரத்தை வைத்துக்கொள்வது நல்லது. அமர்வை மூன்றாகப் பிரிக்கலாம். முதலில் பெரியவர் ஒரு பக்கத்தை விரல் வைத்து வாசித்துக் காட்டுவார். பிறகு இருவரும் ஒரே குரலில் அதைப் படிப்பார்கள். கடைசியில் குழந்தை தனியாகப் படிக்கும். ஒரே பகுதியை மூன்று நான்கு முறை படிப்பது சரளத்தைக் கூட்டும் என்பதை ஜே சாமுவேல்ஸ் 1979-இல் எழுதிய கட்டுரை கல்வியுலகில் பரப்பியது.

பிழை வரும்போது பெரியவர் நடந்துகொள்ளும் விதத்தில்தான் பாதி வெற்றி இருக்கிறது. ‘பகல்’ என்பதைக் குழந்தை ‘பக்கல்’ என்று படித்தால் உடனே குறுக்கிடாமல் சில நொடி பொறுக்க வேண்டும். வாக்கியம் பொருந்தாததைக் கண்டு குழந்தை தானே திருத்திக்கொள்ளக்கூடும். திருத்தாவிட்டால், “இதுல ‘க’வுக்கு மேல புள்ளி இருக்கா, பாரு கண்ணு” என்று எழுத்தைக் காட்டினால் போதும். அப்போதும் வரவில்லையென்றால் சொல்லைத் தானே சொல்லிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து படிக்க வைக்க வேண்டும். “இதுகூடத் தெரியாதா?” என்ற ஒரு கேள்வி பல நாள் பயிற்சியைக் கெடுத்துவிடும். அண்ணன் தங்கையோடும், அடுத்த வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடுவதும் அப்படித்தான். படித்து முடித்ததும் கதையைத் தன் பேச்சிலேயே சொல்லச் சொல்வது, புரிந்ததா என்பதை அறியச் சிறந்த வழி. எழுதப் படிக்கத் தெரியாத தாத்தாவும் பாட்டியும்கூட இங்கே முழுமையான துணை ஆவார்கள். கதை கேட்க எழுத்தறிவு தேவையில்லை.

நூல் தேர்வு

ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். தேர்வைக் குழந்தையிடமே விட வேண்டும். படக்கதை, விடுகதை, கிரிக்கெட் செய்தி, பேருந்துப் பலகை எல்லாமே வாசிப்புதான். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்ட தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படநூல்களை வெளியிடுகிறது. 2010-இல் திறக்கப்பட்ட சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-இல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்க்கெனத் தனிப் பகுதிகள் உள்ளன.

தமிழ்நாட்டு முயற்சிகள்

பெருந்தொற்றுக் காலப் பள்ளி மூடல், மிக நீண்ட விடுமுறை எதைச் செய்யும் என்பதைக் காட்டியது. அப்போது 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், தன்னார்வலர்களைக் கொண்டு தெருக்களிலேயே மாலை வகுப்புகளை நடத்தியது. ஊரகத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளிடம் அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் நடத்திய ஆய்வின்படி, பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதத்துக்கு இத்திட்டமே காரணம். 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பித்தது. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறுநூல்கள் நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளில் அமைந்தவை.

மருத்துவரை நாட வேண்டிய நிலை

பயிற்சி தொடங்குமுன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுவது நல்லது; கரும்பலகை தெரியாததால் பின்தங்கிய பிள்ளைகள் உண்டு. தினப் பயிற்சிக்குப் பிறகும் பழகிய எழுத்தை மீண்டும் மீண்டும் மறத்தல், சொல்லின் ஒலிகளைப் பிரித்துச் சொல்ல இயலாமை போன்றவை நீடித்தால், அது டிஸ்லெக்சியா எனும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். இது அறிவுக் குறைவு அல்ல, சோம்பலும் அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முறையான மதிப்பீட்டுக்குப் பின் சிறப்புப் பயிற்சியும் தேர்வுச் சலுகைகளும் கிடைக்கும். அதற்காக வாசிப்பை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. உடனிருந்து கேட்பவர் தேவைப்படுவது இந்தக் குழந்தைகளுக்கே அதிகம். ஜூனில் பள்ளி திறக்கும்போது, குழந்தை எந்தப் படியில் தொடங்கி எந்தப் படிக்கு வந்திருக்கிறது என்பதைப் பெற்றோர் வகுப்பாசிரியரிடம் சொல்ல வேண்டும். ஆசிரியர் அங்கிருந்தே தொடர்ந்தால் கோடையில் ஏறிய படி வீணாகாது.