சிங்கப்பூரின் திண்மக் கழிவு அகற்றல்

சிங்கப்பூரின் திண்மக் கழிவு அகற்றல் என்பது, அந்நாட்டில் சேரும் குப்பையில் மீள்சுழற்சிக்குச் செல்லாத பகுதியை எரித்து, எஞ்சும் சாம்பலைக் கடலுக்குள் அமைக்கப்பட்ட நிலநிரப்பகத்தில் இட்டு வைக்கும் முறை ஆகும். எரித்தல், நிலநிரப்பல் ஆகிய இரண்டும் பல நாடுகளில் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகக் கருதப்படுகின்றன. சிங்கப்பூரிலோ இவை ஒன்றன்பின் ஒன்றாக வரும் இரு படிகளாக உள்ளன. எரித்தலினால் குப்பையின் கன அளவு பெரிதும் குறையுமே தவிர, நிலநிரப்பகத்தின் தேவை மறைவதில்லை. இந்த நாட்டின் ஒரே நிலநிரப்பகமான செமாக்காவ் 2035-ஆம் ஆண்டளவில் நிரம்பிவிடும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

பின்னணி

சிங்கப்பூரின் பரப்பளவு ஏறத்தாழ 730 சதுர கிலோமீட்டர் ஆகும். குடியிருப்பு, தொழிற்சாலை, துறைமுகம், வானூர்தி நிலையம், நீர்த்தேக்கம் ஆகிய அனைத்தும் இச்சிறு பரப்புக்குள்ளேயே அடங்க வேண்டும். 1970-இல் நாளொன்றுக்கு 1,260 டன்னாக இருந்த, அகற்றப்பட வேண்டிய கழிவின் அளவு 2016-இல் 8,559 டன்னாக உயர்ந்தது. மக்கள்தொகைப் பெருக்கமும் பொருளாதார வளர்ச்சியும் இதற்கு முதன்மைக் காரணங்கள் ஆகும்.

தொடக்கத்தில் குப்பை முழுவதும் தலைநிலத்தில் இருந்த கொட்டுமிடங்களிலேயே இடப்பட்டது. அவற்றுள் லிம் சூ காங் கொட்டுமிடம் 1992-இலும், லோரோங் ஹாலுஸ் கொட்டுமிடம் 1999 மார்ச்சிலும் மூடப்பட்டன. லோரோங் ஹாலுஸ் மூடப்பட்ட பின்னரும் அதன் பாதிப்பு தொடர்ந்தது. புதைந்த குப்பையின் ஊடாக ஊறிவரும் நீர் அருகிலுள்ள சிராங்கூன் நீர்த்தேக்கத்தில் கலக்கக்கூடிய நிலை இருந்தது. அந்நீரைத் திரட்டி, நாணல் போன்ற நீர்த்தாவரங்களின் துணையுடன் தூய்மையாக்குவதற்கென ஒரு சதுப்புநிலம் அமைக்கப்பட்டு 2011-இல் திறக்கப்பட்டது.

கொட்டுமிடமும் நிலநிரப்பகமும்

திறந்தவெளியில் குப்பையைக் குவிப்பதும், முறையான நிலநிரப்பலும் ஒன்றல்ல. முறையான நிலநிரப்பகத்தில் பின்வரும் அமைப்புகள் இருத்தல் வேண்டும்:

• அடியிலும் பக்கங்களிலும் நீர் புகாத களிமண் படுகை அல்லது நெகிழி விரிப்பு
• குப்பையிலிருந்து வடியும் கசிவுநீரைத் திரட்டித் தூய்மையாக்கும் குழாய்களும் நிலையமும்
• மட்கும் பொருள்கள் காற்றின்றிச் சிதைவதால் உண்டாகும் மெத்தேன் வளியை வெளியேற்றும் அல்லது எரிக்கும் ஏற்பாடு
• இடப்பட்ட குப்பையை இறுக்கி, மண்ணால் மூடும் வழக்கம்
• மூடிய பின்னரும் நிலத்தடி நீரைத் தொடர்ந்து சோதிக்கும் ஏற்பாடு

மெத்தேன் எளிதில் தீப்பற்றக்கூடியது. மேலும், கரியமில வளியைக் காட்டிலும் பன்மடங்கு வெப்பத்தை வளிமண்டலத்தில் தக்கவைக்க வல்லது. எனவே நிலநிரப்பலில் கசிவுநீரும் மெத்தேனுமே முதன்மையான இரு சிக்கல்கள் ஆகும்.

எரிப்பு ஆலைகள்

இடப் பற்றாக்குறையை முன்னிட்டுச் சிங்கப்பூர் 1970-களிலேயே எரித்தல் முறையைத் தேர்ந்துகொண்டது. அங்கு நிறுவப்பட்ட பெரிய ஆலைகளும், அவை இயங்கத் தொடங்கிய ஆண்டுகளும் வருமாறு:

• உலு பாண்டான் - 1979
• துவாஸ் - 1986
• செனோக்கோ - 1992
• துவாஸ் தெற்கு - 2000 (நாளொன்றுக்கு 3,000 டன்)
• கெப்பல் செகர்ஸ் துவாஸ் - 2009 (800 டன்)
• துவாஸ்ஒன் - 2021 (3,600 டன்)

இவற்றுள் முதலாவதான உலு பாண்டான் ஆலை 2009-இல் மூடப்பட்டது. பழைய ஆலைகள் ஆயுள் முடிந்து விலகும்போது புதியவை அவற்றின் இடத்தை நிரப்புகின்றன.

செயல்படும் முறை

குப்பை வண்டிகள் எடை பார்க்கப்பட்ட பின், குப்பையை ஓர் ஆழமான குழியில் கொட்டுகின்றன. குழிக்குள் காற்றழுத்தம் வெளியில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவாக வைக்கப்படுவதால் நாற்றம் வெளியே பரவுவதில்லை. அக்குழியிலிருந்து உறிஞ்சப்படும் காற்றே உலைக்கும் செலுத்தப்படுகின்றது. பாரந்தூக்கிகள் குப்பையைக் கலந்து உலையின் வாயில் இடுகின்றன. உலையில் வெப்பநிலை 850 முதல் 1,000 பாகை செல்சியசு வரை இருக்கும். இவ்வெப்பத்தால் கொதிகலனில் உண்டாகும் நீராவி, சுழலிகளை இயக்கி மின்சாரம் தருகின்றது. நாட்டின் மொத்த மின் தேவையில் ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு இவ்வாறு கிடைக்கின்றது.

எரிந்து எஞ்சும் அடிச்சாம்பலில் இருந்து இரும்பு காந்தத்தால் பிரித்தெடுக்கப்படுகின்றது. புகையோடு செல்லும் நுண்சாம்பல், நிலைமின் வீழ்படிவாக்கிகளாலும் துணிப்பை வடிகட்டிகளாலும் பிடிக்கப்படுகின்றது. புகையிலுள்ள அமில வளிகளை நீக்கச் சுண்ணாம்புத் தூள் தூவப்படுகின்றது. குறைந்த வெப்பத்தில் எரியும் குப்பையில் இருந்து டையாக்சின் எனும் நச்சுச் சேர்மங்கள் தோன்றக்கூடும். உலையின் வெப்பநிலை ஓர் அளவுக்குக் கீழே இறங்காமல் காக்கப்படுவதற்கு இதுவே காரணம். தெருமுனையில் குப்பையைக் கொளுத்துவதற்கும் ஆலையில் எரிப்பதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடும் இதுவே.

எரித்தபின் குப்பையின் கன அளவு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைகின்றது. ஆனால் எடை அந்த அளவுக்குக் குறைவதில்லை.

செமாக்காவ் நிலநிரப்பகம்

செமாக்காவ் நிலநிரப்பகம் தலைநிலத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1999 ஏப்ரல் 1 முதல் இது இயங்கி வருகின்றது. செமாக்காவ், சாகெங் ஆகிய இரு தீவுகளுக்கு இடைப்பட்ட கடற்பகுதியை 7 கிலோமீட்டர் நீளமான பாறைக்கரையால் வளைத்து இது உருவாக்கப்பட்டது. இதன் பரப்பு 350 எக்டேர், கொள்ளளவு 6.3 கோடி கன மீட்டர். கட்டுமானச் செலவு 61 கோடி சிங்கப்பூர் வெள்ளி. சாகெங் தீவில் வாழ்ந்த மலாய் மீனவக் குடும்பங்கள் இத்திட்டத்துக்காகத் தலைநிலத்தில் குடியமர்த்தப்பட்டன.

கரையினுள் நீர்புகா விரிப்பும் கடற்களிமண் அடுக்கும் அமைந்துள்ளன. இவை கசிவுநீர் கடலில் கலவாமல் தடுக்கின்றன. சாம்பலும் எரிக்க இயலாத கழிவும் துவாசிலுள்ள கடல்வழி மாற்று நிலையத்தில் மூடிய படகுகளில் ஏற்றப்பட்டு, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவுக்கு இழுத்துச் செல்லப்படுகின்றன. முதற்கட்டப் பகுதி 11 அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நிரம்பிய அறைகள் மண்ணால் மூடப்பட்டன. அவற்றின் மேல் இன்று புல்லும் செடிகளும் வளர்ந்துள்ளன. இரண்டாம் கட்டம் 2015 சூலையில் திறக்கப்பட்டது.

மட்கும் பொருள்கள் முன்னரே எரிக்கப்பட்டு விடுவதால் இங்கு நாற்றமும் மெத்தேனும் பெருமளவில் தோன்றுவதில்லை. கட்டுமானத்தின்போது அழிந்த அலையாத்திக் காடுகளுக்கு ஈடாகப் புதிய கன்றுகள் நடப்பட்டன. இரண்டாம் கட்டப் பணிக்கு முன் அங்கிருந்த பவளங்கள் சகோதரிகள் தீவுகள் பகுதிக்கு மாற்றி நடப்பட்டன. 2005 முதல் இயற்கை ஆர்வலர்கள் இங்கு அனுமதிக்கப்படுகின்றனர்.

வரம்புகள்

ஈரம் மிகுந்த குப்பை எளிதில் எரிவதில்லை. இதற்கு இந்தியாவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டென்மார்க்கின் உதவியுடன் தில்லியின் திமார்பூரில் 1987-இல் அமைக்கப்பட்ட ஆலை, எதிர்பார்த்த வெப்ப மதிப்பு அங்குள்ள குப்பையில் இல்லாமையால் விரைவிலேயே நிறுத்தப்பட்டது. எனவே ஒரு நாட்டில் வெற்றிபெற்ற ஆலையை அப்படியே வேறு நாட்டில் அமைக்க இயலாது.

நெகிழியை எரிக்கும்போது, நிலத்தடியில் இருந்து எடுத்த எண்ணெயில் அடங்கிய கரிமம் கரியமில வளியாக வெளியேறுகின்றது. பெருஞ்செலவில் கட்டப்பட்ட ஆலைகளுக்கு நாள்தோறும் குப்பை தேவைப்படுவதால், மீள்சுழற்சிக்கான ஊக்கம் குறையும் என்பது இம்முறை மீது வைக்கப்படும் மற்றொரு குற்றச்சாட்டு ஆகும். 2023-இல் சிங்கப்பூரில் நெகிழிக் கழிவில் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே மீள்சுழற்சி செய்யப்பட்டது.

எதிர்காலம்

செமாக்காவ் 2045 வரை பயன்படும் என்று முன்னர் கணிக்கப்பட்டிருந்தது. கழிவு பெருகியதால் இக்கணிப்பு 2035 எனக் குறைக்கப்பட்டது. இன்னொரு செமாக்காவை அமைக்கக் கடற்பரப்பில் இடம் காண்பது எளிதன்று. இதனை முன்னிட்டு, நிலநிரப்பகத்துக்குச் செல்லும் நாள்வாரிக் கழிவை ஆள்வீதத்தில் 2030-க்குள் 30 விழுக்காடு குறைக்கும் இலக்கை அரசு 2019-இல் அறிவித்தது. 2023 சூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் நெகிழிப் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு பெறப்படுகின்றது. சாம்பலைப் பதப்படுத்தி, மணலுக்கு மாற்றாகக் கட்டுமானத்தில் பயன்படுத்துவதற்கான சோதனைகளும் நடைபெற்றுள்ளன. செமாக்காவின் ஆயுள், எரிப்பு ஆலைகளின் திறனைவிட, ஆலைக்கு வரும் குப்பையின் அளவையும் சாம்பலின் மறுபயன்பாட்டையுமே பெரிதும் சார்ந்துள்ளது.

இவற்றையும் பார்க்க

• திண்மக் கழிவு மேலாண்மை
• மீள்சுழற்சி
• டையாக்சின்
• அலையாத்திக் காடுகள்