ஆகாயத்தாமரையும் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லும்

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் சென்னைச் செய்தித்தாள்களில் ஒரே மாதிரிப் படம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். பச்சைப் போர்வை மூடிய கால்வாய், நடுவே மிதக்கும் பொக்லைன், கீழே 'ஆகாயத்தாமரை ஆக்கிரமிப்பு அகற்றம்'. கரையில் வாழ்ந்த நம் மக்களை லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பும்போதும் இதே சொல்தான். செடியும் ஆக்கிரமிப்பு, சேரியும் ஆக்கிரமிப்பு. யார் எதை ஆக்கிரமித்தார்கள் என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இது தென்னமெரிக்கச் செடி. (சித்த மருத்துவத்தின் ஆகாயத்தாமரை வேறு. காம்பு புடைத்திருக்கும் இதற்கு வெங்காயத்தாமரை என்ற பெயரே பொருத்தம்.) 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூவின் அழகுக்காக வங்காளத்துக்குக் கொண்டுவரப்பட்டது. சில பத்தாண்டுகளில் ஆறுகளையும் நெல், சணல் வயல்களையும் மூடியது. 1921இல் ஜகதீஷ் சந்திர போஸ் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 1936இல் தனிச் சட்டமே வந்தது. அவரவர் நிலத்தில் கிடக்கும் செடியை அவரவரே அழிக்க வேண்டும் என்பது அதன் சாரம். கொண்டுவந்தவர்கள் பூவை ரசித்தார்கள். அள்ளும் வேலை குடியானவர் தலையில் விழுந்தது.

இனி நம் ஊர். பக்கிங்காம் கால்வாயின் வேலை 1806இலேயே வடசென்னைப் பக்கம் தொடங்கிவிட்டது. ஆனால் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு, 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்தப் பஞ்சம் முதலில் கொன்றது நிலமற்ற கூலிகளை. அவர்களில் பெரும்பகுதி சேரி மக்கள். 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைகளுக்கு நிர்ணயித்த கூலி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். ஒரு பவுண்டு அரைக்கிலோகூட இல்லை. நாள் முழுக்க மண் சுமக்கிறவருக்கு இது போதாது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் அப்போதே எதிர்த்தார். வெட்டியவர்கள் யார் பெயரும் கால்வாயில் இல்லை. கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் இருக்கிறது.

அந்தக் கால்வாயில் பிறகு ஊர்க் கழிவு விடப்பட்டது. பறக்கும் ரயிலுக்கு அதற்குள்ளேயே தூண்கள் நட்டார்கள். 1995இல் கடற்கரை–சேப்பாக்கம், 1997இல் மயிலாப்பூர் வரை ரயில் ஓடியது. அதை யாரும் ஆக்கிரமிப்பு என்று எழுதியதாக நமக்கு நினைவில்லை.

வெங்காயத்தாமரைக்குத் தேவை தேங்கிய நீரும், சாக்கடை கொண்டுவரும் நைட்ரஜன், பாஸ்பரஸும்தான். உப்பு அதற்கு ஆகாது. முகத்துவாரத்தை மணல் அடைத்துக் கடல்நீர் ஏறாமல் போனால் அதற்குக் கொண்டாட்டம். ஏற்ற சூழலில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். விதை சேற்றில் 15, 20 ஆண்டுகூட உயிரோடு கிடக்கும். மருந்தடித்தால் செடி அழுகி ஆக்சிஜனைத் தின்று மீனையும் கொல்லும். 1983இல் இதைத் தின்னும் கூன்வண்டுகளைப் பெங்களூரு ஏரிகளில் விட்டார்கள். சில ஏரிகளில் நல்ல பலன், ஆனால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சாக்கடை நிற்காதவரை எந்த வழியும் முடிவுக்கு வராது. ஆகவே ஆண்டுதோறும் டெண்டர், ஆண்டுதோறும் ஆட்கள்.

பொக்லைன் அகலமான இடத்தில்தான் மிதக்கும். பாலத்தடியிலும் குறுகிய மழைநீர் வடிகாலிலும் இறங்குவது மனிதர்கள். எந்தத் தெருவிலிருந்து ஆள் வருகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'அபாயகரமான துப்புரவு' என்றால் பாதாளச் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி மட்டுமே. அதில் இறந்தால் இழப்பீடு 10 லட்சம் என்று 2014இலும், 30 லட்சம் என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. மழைநீர் வடிகாலோ காகிதத்தில் மழைநீர் மட்டும் ஓடும் இடம். திருட்டு இணைப்பில் வரும் மலநீரில் மார்பளவு நின்று செடியை இழுப்பவர் செய்வது 'களை அகற்றல்', 'தூர்வாருதல்'.

மாணவத் தோழர்கள் தங்கள் வார்டில் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்விகள் போடலாம். களை அகற்றும் ஒப்பந்தத்தில் எத்தனை ஆட்கள் இறக்கப்பட்டார்கள்? கையுறை, பூட்ஸ், தடுப்பூசி, காப்பீட்டுக்கு எவ்வளவு செலவானது? அந்த வடிகாலில் கழிவுநீர் விடும் கட்டடங்கள் எவை, எத்தனைக்கு நோட்டீஸ் போனது? மூன்றாவது கேள்வியை மட்டும் தனி மனுவாகப் போடுங்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது வேறு துறை என்று தட்டிக்கழிக்க முடியாது.