எச்சரிக்கை வரம்பை உயர்த்தும் உரிமை: நகரச் சுரங்கப் பணியில் நிலத்தாழ்வுக் கணிப்பும் கண்காணிப்பும்

நகரத்தின் அடியில் சுரங்கம் தோண்டினால் மேலே தரை ஓரளவு தாழத்தான் செய்யும். அந்தத் தாழ்வு குறுக்குவெட்டில் மணிவடிவ வளைகோடாக அமையும் என்று பொறியாளர் ரால்ஃப் பெக் 1969இல் எடுத்துரைத்தார். கணக்கு எளிது. களிமண்ணில் 20 மீட்டர் ஆழத்தில் 6 மீட்டர் விட்டமுள்ள துளை போடுகிறோம். துளையின் பரப்பில் 1 சதவீத அளவுக்கு மண் கூடுதலாக உள்ளே வந்துவிடுகிறது என்றால், நடுக்கோட்டில் தரை சுமார் 11 மி.மீ. தாழும். அதே அளவு மண் இழப்பு மணலில் நேர்ந்தால் பள்ளத்தின் அகலம் ஏறத்தாழ பாதியாகும், ஆழம் இரட்டிக்கும், சரிவு நான்கு மடங்காகும். சுவரில் விரிசல் விடுவது பெரும்பாலும் இந்தச் சரிவு வேறுபாட்டால்தான்.

இங்கே 1 சதவீதம் என்பது ஊகம். எனவே கணிப்பு பிசகுவது இயல்பே. அளவீடு கணிப்பைத் தாண்டிய நாளில் பணியை மாற்றுகிறோமா, எச்சரிக்கை வரம்பை மாற்றுகிறோமா என்பதைப் பொறுத்தே கண்காணிப்புக்குப் பொருள் உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம்.

சிங்கப்பூர் வட்டப்பாதை மெட்ரோவுக்காக நிக்கோல் நெடுஞ்சாலையோரம், கடல்சார் மென்களிமண்ணில், மேலிருந்து அகழ்ந்து சுரங்கம் கட்டினார்கள். வடிவமைப்பில் களிமண்ணின் வலிமையைக் கூடுதலாகக் காட்டும் கணினி முறை கையாளப்பட்டது. அதனால் அகழியின் பக்கச்சுவர் உள்நோக்கி வளையும் அளவு குறைவாகக் கணிக்கப்பட்டது. சுவரில் புதைத்த சாய்வுமானிகள் உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. வளைவு வரம்பைத் தாண்டியதும் பின்கணக்கு போட்டார்கள்; புதிய எண் வந்தது, வரம்பும் உயர்ந்தது. இது இருமுறை நடந்தது. ஆனால் குறுக்குத் தாங்கிகள் சுவரோடு சேரும் இணைப்புகள் அந்த வளைவோடு கூடும் சுமையைத் தாங்குமா என்ற கேள்விக்கு முழு விடை தேடப்படவில்லை. 2004 ஏப்ரல் 20 காலையிலேயே தாங்கிகளிலிருந்து ஓசை கேட்டது. தாங்கிகளைச் சுவரோடு சேர்க்கும், வளைந்துபோன உத்தரங்களுக்குள் கான்கிரீட் ஊற்றிப் பார்த்தார்கள். பிற்பகலில் அகழி இடிந்து நெடுஞ்சாலையையும் இழுத்துக்கொண்டது. நால்வர் இறந்தனர்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அவதானித்துத் திருத்தும் முறையை முன்வைத்தவரும் பெக்தான்; நிலத்தைப் பார்த்துக் கணிப்பைத் திருத்துவது அறிவியல்தானே என்பார்கள். உண்மை. ஆனால் எதிர்பார்க்கக்கூடிய ஒவ்வொரு பிசகுக்கும் உரிய மாற்று நடவடிக்கையைத் தொடங்குமுன்பே தேர்ந்து வைத்திருக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. நடவடிக்கை இல்லாமல் எண்ணை மட்டும் நகர்த்துவதற்கு அம்முறையில் இடமில்லை.

அந்த நிபந்தனை கைக்கொள்ளப்பட்ட இடம் லண்டன். ஜூபிலி பாதை நீட்டிப்பில் வெஸ்ட்மின்ஸ்டர் நிலையம் எழுந்தபோது பிக் பென் கோபுரம் சாயத் தொடங்கியது. 55 மீட்டர் உயரத்தில் 15 முதல் 25 மி.மீ. வரையே சாய்வு இருக்கலாம் என்று எல்லை வகுத்திருந்தார்கள். அது நெருங்கும்போதெல்லாம், முன்பே பதித்த குழாய்கள் வழியே கோபுரத்தடியில் சிமெண்ட் குழம்பைச் செலுத்தினார்கள். நிலம் திருத்தப்பட்டது, வரம்பு அப்படியே நின்றது. இதில் செலவு மிகுதி என்பதை மறுக்க முடியாது.

இன்று தானியங்கி அளவைக் கருவிகள் இரவுபகலாக எண்களைத் தருகின்றன. அவற்றைக் கொண்டு கற்கும் கணினி மாதிரிகள் நாளைய தாழ்வைச் சொல்கின்றன. எனக்குக் கவலை தருவது இங்கேதான். நேற்றைய அளவீட்டோடு தினமும் தன்னைப் பொருத்திக்கொள்ளும் மாதிரிக்கும் நிலத்துக்கும் இடையே வேறுபாடே தெரியாது. நிக்கோல் நெடுஞ்சாலையில் பொறியாளர்கள் இருமுறை செய்ததை அது ஒவ்வோர் இரவும் செய்யும். ஆகவே தோண்டுமுன் வரைந்த முதல் வளைகோடு ஒவ்வொரு நாளின் அறிக்கையிலும் புதிய கணிப்பின் பக்கத்திலேயே அச்சாக வேண்டும். வரம்பை உயர்த்தும் அதிகாரம் ஒப்பந்தக்காரரிடமிருந்து விலகி, தாங்கிகளின் சுமையையும் இணைப்புகளையும் தனியே மறுகணக்கிட்டுக் கையொப்பமிடும் வெளிப் பொறியாளரிடம் இருக்க வேண்டும். அந்தக் கையொப்பம் வரும்வரை அந்தப் பகுதியில் தோண்டும் பணி நிற்க வேண்டும்.