பீரோவுக்குள் ஒரு வாலிபால்

நடுத்தர வயது வியாபாரிகளுக்கு மூச்சு வாங்கியதால் பிறந்த விளையாட்டு வாலிபால். 1895இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆலை நகரமான ஹோலியோக்கில், ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்பயிற்சி இயக்குநராக இருந்தார் வில்லியம் மார்கன். பக்கத்து ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் நான்கு ஆண்டு முன்பு உருவான பாஸ்கெட்பால், இளவட்டங்களுக்குப் பிடித்துப்போனது. தொப்பை விழுந்தவர்களுக்கு அந்த ஓட்டமும் இடியும் ஒத்துவரவில்லை. ஆறரை அடி உயரத்தில் வலையைக் கட்டி, ஆளுக்கொரு பக்கம் நிறுத்திவிட்டார் மார்கன்.

பந்துதான் சிக்கல். பாஸ்கெட்பாலின் உள்ளே இருக்கும் பிளாடரை மட்டும் எடுத்துத் தட்டினால், காற்றில் மிதந்தது. முழுப் பந்தைத் தட்டினால் கை வலித்தது. கடைசியில் ஸ்பால்டிங் நிறுவனத்திடம் சொல்லி, ரப்பர் பிளாடருக்குமேல் தோல் போர்த்திய, 25 முதல் 27 அங்குலச் சுற்றளவுள்ள பந்தைச் செய்து வாங்கினார். இன்றைய பந்தின் சுற்றளவு 65 முதல் 67 சென்டிமீட்டர். 130 ஆண்டுகளில் அளவு அவ்வளவாக மாறவில்லை.

ஒய்.எம்.சி.ஏ. போன இடமெல்லாம் பந்தும் போனது. ஒருவர் தூக்கிக் கொடுக்க இன்னொருவர் எகிறி அடிக்கும் ஆட்டம் பிலிப்பைன்ஸில் உருவானது. வியாபாரிகளின் நிதானமான பொழுதுபோக்கு அங்கேதான் முரட்டு ஆட்டமானது. 1916இல் கொழும்பு ஒய்.எம்.சி.ஏ. வழியாக இலங்கைக்கு வந்தது. 1991இல் அந்நாட்டின் தேசிய விளையாட்டாகவே அறிவிக்கப்பட்டது.

சென்னையில் வாலிபாலை வேர் பிடிக்கவைத்தவர் ஹாரி குரோ பக். ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். 1920இல் அவர் தொடங்கியதுதான் இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. பள்ளியில் உடற்கல்வி என்றால் வரிசையில் நின்று கை காலை அசைக்கும் டிரில்தான் என்றிருந்த காலம் அது. விளையாட்டும் பாடமே, அதைச் சொல்லிக்கொடுக்கப் படித்த ஆசிரியர் வேண்டும் என்ற எண்ணம் இந்தக் கல்லூரியிலிருந்துதான் பள்ளிகளுக்குப் பரவியது. பந்தோடு ஆசிரியரும் சேர்ந்து வந்தார் என்பதை இங்கே அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

பந்துக்கு இன்னொரு இடப்பெயர்ச்சியும் உண்டு. பிரிவினைக்கு முன் விளையாட்டுச் சாமான் தொழிலின் தலைநகர் சியால்கோட். 1947இல் அங்கிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள் ஜலந்தரிலும் மீரட்டிலும் தொழிலைத் திரும்பத் தொடங்கின. நம் ஊர் ஸ்போர்ட்ஸ் கடையில் தொங்கும் பல பந்துகள் ஜலந்தர் சரக்குதான்.

நம் கிராமங்களில் இது ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் சிக்கனம். இரண்டு சவுக்குக் கம்பம், ஒரு வலை, ஒரு பந்து, கோடு போடச் சுண்ணாம்பு. பன்னிரண்டு பேர் ஆடலாம். வலை கிழிந்தால் கயிறு போதும். காற்றடிக்கும் ஊசியை எச்சில் தொட்டு வால்வில் செருகுவதும், வெயிலில் காய்ந்த ரப்பர் பந்து முன்கையில் பட்டுச் சுரீரென்று சிவப்பதும் ஆடியவர்களுக்குத் தெரியும். ஊரைத் தாண்டியும் இந்த ஆட்டம் பேர் வாங்கியது: 1961இல் அர்ஜுனா விருதுகள் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது, வாலிபாலுக்காகப் பெற்றவர் ஏ. பழனிசாமி.

இவ்வளவு தூரம் வந்த பந்து இன்று பல அரசுப் பள்ளிகளில் பீரோவுக்குள் இருக்கிறது. சட்டத்தில் குறை சொல்ல முடியாது என்று முதலில் தோன்றும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு மைதானம் வேண்டும், வகுப்புக்கு வகுப்பு விளையாட்டுச் சாமான் வேண்டும் என்கிறது. பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் விளையாட்டுக்கென்றே தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு 25,000 வரை ஒதுக்கீடு உண்டு. பந்துக்குப் பஞ்சமில்லை.

ஆனால் அதே சட்டம் ஆசிரியர் விஷயத்தில் கையைச் சுருக்கிக்கொண்டது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, நூறு பிள்ளைகளுக்குமேல் இருந்தால்தான் உடற்கல்விக்கு ஆள், அவரும் பகுதிநேரம். தமிழ்நாட்டில் 2012இல் உடற்கல்வி, ஓவியம் முதலியவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்களாக 16,000க்கும் மேற்பட்டோர் எடுக்கப்பட்டபோது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வீதிக்கு வந்ததில் வியப்பில்லை. ஓர் ஆளுக்கு ஒரு மாதம் கொடுத்ததும், ஒரு தொடக்கப் பள்ளிக்கு ஓராண்டுக்குப் பந்து வாங்கக் கொடுப்பதும் ஒரே தொகை!

ஆள் இருக்கும் பள்ளியிலும் பீரியட் இருக்காது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் கணக்கு வாத்தியார் வந்து நிற்பார். பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே கேட்டுக்கொண்டார். அமைச்சர் கெஞ்சிக் கேட்க வேண்டிய நிலையில் இருக்கும் ஒரே பாடம் இதுவாகத்தான் இருக்கும்.

உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்துக்குப் போனால் கால அட்டவணையைக் கேளுங்கள். பி.டி. பீரியட் எந்தக் கிழமை, அதை நடத்துவது யார், போன வாரம் நடந்ததா என்று கேளுங்கள். கூடவே பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.